கைப்பட்டி மாற்றும் நேரம்

அம்மா யாழ்ப்பாணத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டு நாற்பத்தைந்து மணி நேரம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குப் புறப்படுவதாக இருந்தது. இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடக்க வேண்டும். கடற்படை சுடாவிட்டால் விடியும்போது மறுகரை. பிறகு லொறி, கொஞ்சம் நடை, சோதனைச் சாவடிகள், பஸ். கடைசியில் கொழும்பில், வெள்ளவத்தையில் மாமாவின் மகன் வீடு. அங்கிருந்து லண்டனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வர வேண்டும். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிவரை வரவில்லை.

லோஜினி அந்தக் கணக்கை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே தேம்ஸ் கரையில் ஒரு பழைய பண்டகசாலைக்குள் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு சீன நகரத்திலிருந்த பிரிட்டிஷ் வளவின் உயர்ந்த வாசல் இருந்தது. பலகையில் அடித்துச் சாந்து பூசிய வாசல். பின்பக்கம் போனால் ஆணிகள் தெரியும். தரையில் மண் கொட்டித் தண்ணீர் விட்டுச் சேறாக்கியிருந்தார்கள்.

தொலைக்காட்சி நாடகம் ஒன்று எடுக்கிறார்கள். 1926ஆம் ஆண்டு, தென்மேற்குச் சீனாவில் ஓர் ஆற்றங்கரைப் பட்டணம். லூ என்றும் ஷென் என்றும் இரண்டு ஜெனரல்கள் அந்தப் பட்டணத்துக்காக அடிபடுகிறார்கள். நடுவில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியான கொன்சல். அவருக்கு ஆறு திறந்திருக்க வேண்டும், மண்ணெண்ணெய்க் கப்பல் போய்வர வேண்டும்; எந்த ஜெனரல் என்பது இரண்டாம் பிரச்சினை. தோற்ற லூ கொன்சல் வளவுக்குள் தஞ்சம் புகுகிறார். 'வெளியே வரட்டும், ஒன்றும் செய்யமாட்டோம், படகில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்' என்று ஷென் வாக்குக் கொடுக்கிறார். கொன்சல் வாசலைத் திறக்கச் சொல்கிறார். இன்று எடுப்பது அந்தக் காட்சி.

வாசலைத் திறப்பவர்கள் கொன்சலின் இந்தியக் காவலர்கள். உண்மையில் பஞ்சாபியர்களாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை ஒருநாளைக்குக் குறைந்த சம்பளத்துக்கு எட்டு மண்ணிற ஆண்கள் வேண்டும் என்று யாரோ கேட்க, நோர்பரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் யோகலிங்கம் தன் வான் வண்டியில் எட்டு யாழ்ப்பாணத்தவர்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலம் ஓடாது. அதனால்தான் லோஜினி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்தவள். இரவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காசாளர். அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவரும் யோகலிங்கம்தான். அவளும் தோழி டொலறஸும் இருக்கும் அறை அவருடைய தங்கை வீட்டு மேல்மாடி. அவர் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. அதோடு, அவள் எதற்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழகியவளும் அல்ல.

"முருகேசண்ணை, உங்களைப் பாத்தால் அசல் சிங் மாதிரிக் கிடக்கு," என்றான் தலைப்பாகை கட்டிய ஒருவன்.

"சிங்கில அஞ்சடி நாலங்குலம் இல்லையாமடா. அந்த உடுப்பு மனிசி சப்பாத்துக்குள்ள மரக்கட்டை வைச்சு விட்டிருக்கிறா. நடந்தால் விழுவன், நிண்டால் நோகுது."

"அப்ப நிக்கிற மாதிரி நடவுங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். முருகேசனும் சிரித்தார். நாற்பது வயது. ஊரில் பஸ் நடத்துநர். அவருக்குத்தான் முக்கிய வேலை: வாசலின் குறுக்குக் கட்டையைத் தூக்கி, ஒரு கதவைத் தள்ளித் திறந்து, லூ வெளியே போகும்வரை நேராகப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

யோகலிங்கம் அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "கோல் வந்ததே?"

"இல்லை யோகண்ணை."

"வரும். பயப்படாதையும். பாஸ் கிடைச்சு வெளிக்கிட்ட ஆள். நான் லண்டன் ஒபீசாலை கடிதம் குடுத்து எடுப்பிச்ச பாஸ். எங்கட பக்கத்தாலை ஒரு தடையும் இராது. கடலைத்தான் கடக்கவேணும்."

'எங்கட பக்கம்' என்று அவர் சொன்னது தனிநாட்டுக்காகப் போராடும் இயக்கத்தை. யாழ்ப்பாணம் இப்போது அதன் கையில். அங்கிருந்து யார் வெளியேறவும் அதன் பாஸ் வேண்டும். பதினொரு மாதமாக அம்மாவுக்கு அது கிடைக்கவில்லை. யோகலிங்கம் மாதாமாதம் வீடு வீடாகப் போய் இயக்கத்துக்குக் காசு சேர்ப்பவர். அவர் எழுதினார், மூன்று கிழமையில் கிடைத்தது. பதிலுக்கு அவர் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. நாளை விம்பிள்டனில் ஒரு மண்டபத்தில் 1983 ஜூலைக் கலவர நினைவுக் கூட்டம். இலங்கை ஆமி கொன்ற பொதுமக்களின் படங்களை வரிசையாக வைக்கிறார்கள். அதில் அவளுடைய அண்ணா தவநேசனின் படமும் இருக்க வேண்டும், அவள் மேடையேறி ஐந்து நிமிடம் பேச வேண்டும். அவ்வளவுதான்.

"ம்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

அண்ணாவை ஆமி சுட்டது என்று அவள் ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆறு வருடமாக அது போதுமாக இருந்தது. அம்மா அங்கே இருக்கும்வரை வேறு வழியும் இல்லை.

*

"கதவு!" என்று உதவி இயக்குநர் ட்ரேசி கத்தினாள். கையில் வோக்கிடோக்கி, கழுத்தில் இரண்டு பேனா. ஓடிக்கொண்டே இருப்பவள்.

கட்டை தூக்கப்பட்டது. கதவு திறந்தது. புகை உள்ளே வந்தது. நீலக் கைப்பட்டி கட்டிய லூவின் கடைசிச் சிப்பாய்கள் இருபுறமும் தலைகுனிந்து நிற்க, லூவாக நடித்தவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். முருகேசன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

"கட்! அவரைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நேராகப் பார்க்கச் சொல்லுங்கள்," என்றாள் ட்ரேசி லோஜினியிடம்.

"முருகேசண்ணை, அவரைப் பாக்கக்கூடாதாம். நேரை பாக்கட்டாம்."

"நேரை எண்டால் எங்க பிள்ளை?"

"அந்த லைற்றைப் பாருங்கோ."

மறுபடியும் கட்டை, கதவு, புகை. லூ நடந்தார். முருகேசன் லைற்றைப் பார்த்தார், பார்த்தார், பிறகு கண் தானாகத் திரும்பியது.

"கட்!"

"எனக்கு முன்னாலயெல்லே மனிசன் போகுது," என்றார் முருகேசன். "சாகப்போறான் எண்டு எனக்குத் தெரியும். பாக்காமல் என்னெண்டு நிக்கிறது?"

"அவர் சாகிறது உங்களுக்குத் தெரியாதாம் அண்ணை. கதையின்படி."

"கதவைத் திறக்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமே?"

லோஜினி இதை மொழிபெயர்க்கவில்லை. "இனிப் பார்க்கமாட்டார்" என்று ட்ரேசியிடம் சொன்னாள்.

"என்ன? கேட்கவில்லை. சத்தமாகப் பேசுங்கள், டார்லிங்."

அவள் மறுபடி சொன்னாள். அதுவும் காணாது. மூன்றாம் முறை ட்ரேசி கிட்ட வந்து குனிந்து கேட்டாள்.

ஆறாவது தடவை சரிவந்தது. லூ வாசலைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெடி கேட்டது. யார் சுட்டது என்று தெரியாத புகைக்குள் அவர் விழுந்தார். ஒப்பனைக்காரப் பெண் ஒரு போத்தலுடன் ஓடிப்போய் அவர் நெஞ்சில் சிவப்பை ஊற்றினாள்.

*

படப்பிடிப்பு அலுவலகத்தின் தொலைபேசி ஒரு மடக்கு மேசையில் இருந்தது. இடைவேளை விட்டதும் லோஜினி அதன் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தாள். அந்த எண்ணைத்தான் டொலறஸிடம் கொடுத்திருந்தாள். வெள்ளவத்தை அழைப்பு வீட்டுக்கு வந்தால் டொலறஸ் இங்கே எடுத்துச் சொல்வாள். லோஜினி ஒருமுறை ரிசீவரைத் தூக்கி இரைச்சல் வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. வைத்தாள்.

அடுத்த கதிரையில் திரு. ஹார்க்னஸ் இருந்தார். ஜூலை மாதத்திலும் முழங்காலில் கம்பளி. வயது எண்பத்தொன்பது. அந்தப் பட்டணத்தில், அந்த வருடத்தில், இருபத்துமூன்று வயதில் துணைக் கொன்சலாக இருந்தவர் அவர். ஆலோசகராகக் கூட்டி வந்திருந்தார்கள். காலையிலிருந்து அவர் சொன்ன ஆலோசனைகள் இரண்டு: கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும், கொன்சல் அந்த நேரத்தில் வெள்ளைத் தொப்பி போடமாட்டார். இரண்டையும் யாரும் கேட்கவில்லை.

"இரத்தம் மிகவும் சிவப்பு," என்றார் அவர், பொதுவாக.

"கிளிசரினும் சாயமும்," என்றாள் லோஜினி. "உண்மையானது காற்றுப் பட்டால் பழுப்பாகும். இரும்பு இருப்பதால்."

அவர் திரும்பிப் பார்த்தார். "விஞ்ஞானம் படித்தவரா?"

"இரசாயனவியல்."

அவருக்குத் திருப்தியாக இருந்தது போலிருந்தது. கேட்க ஆள் கிடைத்துவிட்டது.

"இவர்கள் எடுப்பது கொன்சலின் அறிக்கையை வைத்து. இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டதில் நடுவில் அகப்பட்டார் என்று. அப்படி நடக்கவில்லை. ஷென்னின் ஆட்கள் லூவை மரியாதையாகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். சந்தியைத் தாண்டி உப்பு வரி அலுவலகத்தின் பின்பக்கம். கையைக் கட்டினார்கள். எனக்கு மேல்மாடி ஜன்னலிலிருந்து தெரிந்தது."

"இவர்களிடம் சொல்லவில்லையா?"

"கேட்கவில்லையே. கதவைப் பற்றித்தான் கேட்டார்கள்." அவர் கம்பளியைச் சரிசெய்தார். "எங்களிடம் ஒரு முறை இருந்தது, மிஸ். ஜெனரல்கள் ஒருவரையொருவர் கொல்லும்போது யார் கொன்றது என்று எழுதுவதில்லை. 'குழப்பங்களின்போது உயிரிழந்தார்.' அதுதான் வாக்கியம். ஹொங்கொங்கிலும் அதுதான், ரங்கூனிலும் அதுதான். வென்றவனோடு அடுத்த கிழமை மேசையில் இருந்து சாப்பிட வேண்டுமே. ஷென் வியாழக்கிழமை வந்தார். ஆட்டிறைச்சி. நன்றாகச் சாப்பிட்டார்."

அவர் குரலில் வருத்தம் இல்லை. நல்ல வேலை செய்த ஒருவர் தன் வேலையைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது.

"பிறகு ஒரு தொந்தரவு. லூவுக்கு ஒரு தங்கை. வளவு வாசலில் வந்து நின்றாள். மழை. போகமாட்டேன் என்றாள். எனக்குத்தான் அந்த மொழி நன்றாக வரும், ஆகவே என்னை அனுப்பினார்கள்."

லோஜினி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னீர்கள்?"

"அதே வாக்கியந்தான்."

"அவள்?"

"தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் சொல்லவில்லை. அவளும் அந்தப் பட்டணத்தில் இருக்க வேண்டுமே." அவர் பிளாஸ்கை நீட்டினார். "தேநீர்?"

"வேண்டாம். நன்றி."

அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து மேசையைச் சுற்றி நடந்தாள். தொலைபேசியின் சுருட்டைக் கம்பி எவ்வளவு தூரம் போகும் என்று கண்ணால் அளந்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

அண்ணா வீட்டில்தான் இருந்தான். அதற்கு முதல் வேறு ஓர் இயக்கத்தில் இருந்தவன். அந்த இயக்கம் கலைந்ததும் தன் ஆயுதமான துவக்கை ஒப்படைத்துவிட்டு, டியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தான். அன்று பின்னேரம் வாசல் படலையடியில் சைக்கிள் மணி அடித்தது. லோஜினி ஈரத் துவாயோடு நின்றாள். வந்தவர்கள் "அக்கா" என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

*

பன்னிரண்டரைக்கு வாசலுக்கு முன்னால் ஒரே கூச்சல். பின்னேரக் காட்சிக்கு ஷென்னின் படை வேண்டும். சீனச் சிப்பாய்களாக வந்திருந்தவர்கள் சோஹோவில் உணவகங்களில் வேலை செய்யும் ஹொங்கொங்கார இளைஞர்கள், இருபத்தாறு பேர். ஒவ்வொரு படைக்கும் தனித்தனியாக ஆள் இல்லை. ட்ரேசி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். எல்லோரும் நீலக் கைப்பட்டியைக் கழற்றிப் போட்டு மஞ்சள் கைப்பட்டியைக் கட்டிக்கொண்டார்கள்.

"காலையில் செத்தேன்," என்று அவர்களில் ஒருவன் லோஜினியிடம் ஆங்கிலத்தில் சொன்னான். "இப்போது என்னைச் சுட்டவனும் நான்தான்."

பிளாஸ்டிக் கோப்பையில் கோழிக் கறி என்ற பெயரில் கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தமிழ்க் காவலர்கள் இதைப் பார்த்தார்கள்.

"பாத்தியளே," என்றார் முருகேசன். "காலமை ஒரு இயக்கம், பின்னேரம் ஒரு இயக்கம். பட்டி மாத்தினால் சரி."

ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான். யோகலிங்கம் அங்கேதான் நின்றார். எட்டுப் பேரும் தங்கள் கோப்பைகளுக்குள் பார்த்தார்கள்.

"என்ன முருகேசு, பகிடியோ?" என்றார் யோகலிங்கம்.

"சீனாக்காரரைச் சொன்னனான், யோகண்ணை."

"ஓ. சீனாக்காரரை."

முருகேசன் சப்பாத்தைக் கழற்றி மரக்கட்டையை வெளியே எடுத்து, அதைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்தார்.

அப்போது தொலைபேசி அடித்தது.

லோஜினி ஓடினாள். ஹார்க்னஸின் கம்பளி காலில் சிக்கியது. ட்ரேசி முதலில் எடுத்துவிட்டாள். "உங்களுக்கு. அழுகிறாள் என்று நினைக்கிறேன்."

டொலறஸ் அழத்தான் செய்தாள். சந்தோஷத்துக்கும் அழுபவள் அவள். "லோஜி! மாதாவே! வந்திட்டா! அம்மா வந்திட்டா!"

"எங்க?"

"வெள்ளவத்தையில. இப்பதான் கோல் வந்தது. நான் அம்மாவோட கதைச்சனான். குரல் அடைச்சுப்போச்சு, வேறொண்டுமில்லை. படகிலை நனைஞ்சதாம். ஒரு செருப்பைச் சேத்துக்கை விட்டிட்டாவாம், அதைத்தான் பெரிய கதையாச் சொல்லுறா. புதுச் செருப்பாமெடி!"

"வேறை என்ன சொன்னவ?"

"நீ சாப்பிட்டனியோ எண்டு கேட்டவ."

லோஜினி சுருட்டைக் கம்பியை விரலில் சுற்றினாள்.

"லோஜி? இருக்கிறியே? சாப்பிட்டனியோ?"

"இல்லை. இப்ப சாப்பிடுறன்."

ரிசீவரை வைத்தாள். அம்மா கடலேரியைத் தாண்டி மறுபக்கம். யாருடைய பாஸும் இனி வேண்டாம். இந்த நிமிடத்துக்காகத்தான் நேற்று முன்தினத்திலிருந்து காத்திருந்தாள். வந்துவிட்டது. ஆனால் உடம்பில் இருந்த பதற்றம் போகவில்லை. அது வேறெங்கோ நகர்ந்து நின்றது.

*

யோகலிங்கம் செய்தி கேட்டு உண்மையாகவே கண்ணைத் துடைத்தார். "பாத்தீரே? நான் சொன்னனான். இனி விசா அலுவல். அதுக்கும் ஒரு லோயர் இருக்கிறார், நான் கதைக்கிறன். அம்மாவை தைப்பொங்கலுக்கு இஞ்ச கொண்டுவரலாம்."

"நன்றி, யோகண்ணை."

"நன்றியோ! விசர்க்கதை. கொஞ்சம் நில்லும், ஒரு சாமான் காட்டவேணும்."

வான் வண்டிக்குப் போய் ஒரு பெரிய மட்டையைக் கொண்டுவந்தார். சுற்றியிருந்த பேப்பரை மெதுவாகப் பிரித்தார். அண்ணா. பாஸுக்கு எழுதும்போது குடும்ப விபரத்துக்கென்று அவள் கொடுத்த சின்னப் படத்தைத்தான் பெருப்பித்திருந்தார்கள். பல்கலைக்கழக அடையாள அட்டைக்கு எடுத்த படம். அவ்வளவு பெரிதாக்கியதில் கண்கள் புள்ளி புள்ளியாக உடைந்திருந்தன. சட்டைக் கொலரில் ஒரு மை அடையாளம். சின்னப் படத்தில் அது தெரிவதில்லை.

கீழே அச்சிட்டிருந்தது: ஆசிரியர் வை. தவநேசன், இராணுவத்தால் படுகொலை செய்யப்பட்டவர், 1986.

காவலர்கள் எழுந்து வந்தார்கள். தலைப்பாகையோடு சுற்றி நின்றார்கள். ஒருவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நல்ல வடிவான பெடியன்," என்றான் இன்னொருவன்.

"தங்கச்சிக்குக் கூச்சம்," என்று யோகலிங்கம் அவர்களிடம் சொன்னார். "நாளைக்கு முன்னூறு பேர் வருவினம். மைக்கைக் கண்டால் நிண்டிடுவா. அதுதான் ஒரு யோசினை. இவங்களும் காலமை தொடக்கம் ரிகேசல், ரிகேசல் எண்டுதானே நிக்கிறாங்கள். நீரும் இவையளுக்கு முன்னால ஒருக்கா சொல்லிப் பாரும். பயம் தெளிஞ்சிடும். அண்ணா ஆர், என்ன படிப்பிச்சவர், என்னெண்டு செத்தவர். அவ்வளவும் காணும்."

"பிறகு பாப்பம் யோகண்ணை," என்றார் முருகேசன். "பிள்ளை இன்னும் சாப்பிடேல்லை."

"ரெண்டு நிமிசந்தானே முருகேசு."

யோகலிங்கம் ஒரு மரப்பெட்டியை இழுத்து வைத்தார். அதில் ஏறச் சொன்னார். அவள் ஏறினாள். படத்தை அவர் தன் நெஞ்சுக்கு நேரே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த மனிதர் அவளுக்கு அறை தேடித் தந்தவர். காய்ச்சல் வந்தபோது கடையிலிருந்து இடியப்பம் அனுப்பியவர். அவர் கையில் அண்ணாவின் முகம் ஆடாமல் இருந்தது.

தூரத்தில் ஹார்க்னஸ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மஞ்சள் கைப்பட்டிக்காரர்கள் வாசலடியில் வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு நீலப்பட்டி இன்னும் மற்றக் கையில் இருந்தது. ட்ரேசி அதைப் பிடித்து இழுத்தாள்.

"என்ரை அண்ணா தவநேசன்," என்றாள் லோஜினி.

"கேக்கேல்லை தங்கச்சி. பலமாச் சொல்லும்."

முருகேசன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்களும். பார்க்கக் கூடாது என்று இப்போது அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

"என்ரை அண்ணா தவநேசன் கணக்குப் படிப்பிச்சவர். எண்பத்தாறாம் ஆண்டு ஒரு பின்னேரம் வீட்டை நாலு பெடியள் சைக்கிளிலை வந்தவை. நான்தான் படலையடியிலை நிண்டனான். துவக்கைக் குடுத்திட்டார்தானே, ஒண்டும் செய்யமாட்டம், விசாரிச்சிட்டு விடுறம் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவை." அவள் குரல் பண்டகசாலையின் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவு சத்தம் தன்னிடம் இருந்தது அவளுக்கே தெரியாது. "அண்ணாவை ஆமி சுடேல்லை, யோகண்ணை. உங்கட இயக்கந்தான் சுட்டது."